தானே கூட்டிய மாத்திரை

தையற்காரிக்கு முதுகில் நாலு கொப்புளம் எழும்பின. அவள் ஆச்சரியப்படவில்லை. உடம்பு தன் தோலையே எதிரியென்று நினைத்து அடிக்கிற அபூர்வ வியாதி அவளுக்கு, ஆறு வருஷமாக. லட்சத்தில் ஒருத்தருக்கு வருமாம். லாட்டரியில் மட்டும் ஒரு நாளும் இப்படி விழுந்ததில்லை! அந்தச் சண்டையை அடக்கத்தான் தினம் இரண்டு மாத்திரை. கிருமியைத் தடுக்கிற சக்தியும் சேர்ந்து அடங்கிப்போகும், ஜாக்கிரதை என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே," என்றார் கணவர்.

"எதுக்கு? போன தடவையும் ஆறா ஏத்தித்தானே அடங்குச்சு? நானே இப்ப பாதி டாக்டர்."

பாதி டாக்டராம்! மூன்று நாள் ஆறு ஆறாக விழுங்கினாள். கொப்புளம் முகத்துக்கும் பரவியது. காய்ச்சல், வறட்டு இருமல் வேறு. எப்போதும் எரியும், இந்தத் தடவை அரிக்கிறதே என்பது அவளுக்கும் உறைத்தது. அதை நினைக்கவே பயந்து, மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

நாலாம் நாள் காலை, இரண்டு வாரத்துக்கு முன் மகளைக் கூட்டிவந்து சீருடைக்கு அளவு கொடுத்த அம்மா வந்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும்க்கா. பாப்பா துரும்பா இளைச்சுட்டா. அளவு கொடுத்த மறுநாளே சின்னம்மை போட்டுடுச்சு."

கொப்புளம் தெரிவதற்கு முன்பே ஒட்டிக்கொள்கிற வியாதி அது. நெளிந்துகொண்டிருந்த அந்தக் குழந்தையை அணைத்துப் பிடித்துத்தான் தோள் அளவு எடுத்திருந்தாள். அவளுக்கோ சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை. முகத்துக் கொப்புளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க!" என்று அவள் அலறியதில், கணவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாத்திரை எத்தனை போடுறீங்க?"

"ஆறு." கணவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நானாத்தான் கூட்டிக்கிட்டேன்."

"இருந்த கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் நீங்களே அடக்கிட்டீங்கம்மா. அம்மை நுரையீரல்ல இறங்கியிருக்கு."

"அப்ப அந்த மாத்திரையே வேண்டாம் சார்," என்று கணவர் கெஞ்சினார்.

"வருஷக்கணக்கா போட்டதைத் திடீர்னு நிறுத்தினா அதுவே ஆளைச் சாய்ச்சிடும். அளவு பார்த்து நாங்க கொடுக்கிறோம். வைரஸுக்கு மருந்து நரம்புல ஏத்துறோம். ரெண்டு நாள் போகட்டும், அப்பத்தான் எதுவும் சொல்ல முடியும்."

நர்ஸ் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். சாகப் பயமாக இருந்தது. அதை விழுங்கவும் பயமாக இருந்தது. கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தாள்.