குரலுக்கு அடியில்

டாக்டர் இறப்புச் சான்றிதழை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான், அப்பாவின் வலது காதில் மிஷின் இன்னும் இருப்பதை அவள் பார்த்தாள். குனிந்து நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தாள். உள்ளங்கைக்குள் மூடியதும் அது கீச்சென்று விசிலடிக்கத் தொடங்கியது. தன் சத்தத்தைத் தானே வாங்கித் திரும்பக் கத்தும் விசில். அவளுக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போடுவதே ஒலிதான். ஆனாலும் அதை எப்படி நிறுத்துவது என்று அந்த நேரத்தில் விரலுக்குப் பிடிபடவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற தம்பி வாங்கி, பேட்டரி மூடியைத் திறந்துவிட்டான். அறை அடங்கியது.

"படுக்கும்போது கழட்டி வச்சிருவாரே," என்றான்.

"காலைல எந்திரிச்சு அவரே மாட்டியிருக்காரு," என்றாள் அவன் மனைவி, வாசற்படியில் நின்றபடி. "நான் காபி கொண்டுவந்து வச்சப்ப சிரிச்சாரு. டம்ளரை எடுக்க வர்றதுக்குள்ள..."

டம்ளர் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. பாதி குடித்திருந்தார்.

அவள் மிஷினைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவள் வாங்கிக் கொடுத்தது அது. இருப்பதிலேயே உசத்தியானது. "நல்லா கேக்குதாப்பா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். "கேக்குது, கேக்குது," என்பார். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் அதில் ஒன்றாவது பொய் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை.

அப்பா முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பெரிய மிஷினோடு நின்றவர். ஐம்பது வயதிலேயே காதில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டார். அம்மா போன பிறகு தம்பி வீட்டில்தான் இருந்தார். அவரிடம் இருந்த ஒரே பிடிவாதம் ஏழு மணிச் செய்தி. அரசு நடத்தும் பொதுத் தொலைக்காட்சியில் வருவது. வேறு எதையும் பார்க்க மாட்டார். மகள் அங்கே ஒலிக்கலவை செய்பவள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் அப்படிச் சொன்னதில்லை.

போன வருஷம் அங்கே புதிதாக ஒரு நிகழ்ச்சித் தலைவர் வந்தார். அவளைவிட எட்டு வயது சின்னவர், கெட்டவர் இல்லை. செய்தி செத்த வீடு மாதிரி இருக்கிறது, இளவட்டங்கள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றார். அன்றிலிருந்து வாசிப்பவரின் குரலுக்கு அடியில் ஒரு தாளம் முழு அரைமணி நேரமும் ஓடியது. எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்தது அவள் விரல்தான். நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. மூன்று மாதம் கழித்து அவற்றை ஒரு கோப்பாகக் கட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் ஒரே பாட்டு: வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய கருத்தைக் கேட்டார்கள். "நம்ம கலவைல ஒரு குத்தமும் இல்ல சார். எழுதினவங்க எல்லாருமே அறுபத்தஞ்சைத் தாண்டினவங்க. காது போனதுக்கு நாம என்ன பண்றது? மிஷின் வச்சுக்கட்டும்," என்றாள். மேஜையைச் சுற்றிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கோப்பைப் புரட்டினாள்.

மூன்றாவது கடிதம் அப்பாவின் கையெழுத்தில் இருந்தது.

அச்சுக் கோத்த மாதிரி நேர் கையெழுத்து. 'ஐயா, செய்தி வாசிப்பவருக்கு அடியில் தாளம் போடுகிறீர்கள். என் போன்றவர்களுக்குத் தாளம் மட்டுமே கேட்கிறது. வாசிப்பவர் நல்லவராகத் தெரிகிறார். அவர் சொல்வதையும் கேட்க ஆசை. இப்படிக்கு, ஒரு பார்வையாளர்.' கீழே பெயர், கதவு எண். என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள் என்று ஒரு சொல் இல்லை.

அவள் அதை மற்றக் கடிதங்களுக்கு அடியில் செருகினாள். அடுத்த வாரம் போய் மிஷின் வாங்கினாள். அப்பாவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பத்து மணிக்குள் நடுக்கூடத்தில் அப்பாவைக் கிடத்திவிட்டார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. சொந்தக்காரர்கள் வந்து, நின்று, அழுது, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். பார்வை மங்கி நாலைந்து வருஷம் ஆகிறது அவருக்கு. நிழலும் வெளிச்சமும்தான் தெரியும். தையல் மிஷினை விற்றுவிட்டாலும் தெருவுக்கு அவர் இன்னும் தையல்காரர்தான். அப்பாவுக்கு மட்டும் 'ஊசி'. அப்பா அவருக்கு 'பிரஸ்'.

அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"முகம் எப்படிம்மா இருக்கு?"

"தூங்கற மாதிரி இருக்கு மாமா."

"எல்லாரும் அதையேதான் சொல்வாங்க. நல்லா பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். "வாய் லேசா ஒரு பக்கமா இழுத்திருக்கு. ஏதோ சொல்ல வந்து, சரி வேணாம்னு விட்ட மாதிரி."

"ஆங். அதான் அவன்," என்றார்.

கையை நீட்டித் துழாவினார். சட்டைக் கழுத்துப்பட்டை விரலில் பட்டதும் நின்றார். "நான் தச்சது." விரல்கள் கீழே இறங்கின. மூன்றாவது பட்டனில் மறுபடி நின்றன. தம்பி காலையில் போட்டுவிட்ட சட்டை. ஒரு பட்டன் மாறி, கீழ்வரை எல்லாமே ஒரு படி இறங்கியிருந்தது. இத்தனை பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலிருந்து சரியாகப் போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை விறைப்பாக நின்ற தம்பி சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிப் போனான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆறு மணிக்குக் குளித்துவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தங்கள் கலைந்துவிட்டன. தையல்காரர் மட்டும் காலையில் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி டீ கொடுத்தாள். சுவரில் டிவி இருந்தது. அதன் மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"மணி என்னம்மா?"

"ஏழாகப் போகுது மாமா."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருப்போம். உனக்குத் தெரியுமா?"

"நியூஸ் பாப்பீங்கன்னு தெரியும்."

"பாக்கறது அவன். கேக்கறது நான். கண்ணு அவனுது, காது என்னுது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு மனுஷன்னு சொல்வான்." லேசாகச் சிரித்தார். "மந்திரி ரிப்பன் வெட்டறாருடா ஊசி, கத்தரிக்கோல் மொக்கை, மூணாவது தடவையா வெட்டறாரும்பான். நான் பதிலுக்கு, என்ன வாசிக்கறாங்கன்னு அவன் காதுகிட்ட கத்தணும்."

தம்பி ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு நாற்காலிகளை எண்ணி அடுக்க வெளியே போனான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷமா எனக்கும் ஒண்ணும் வெளங்கல. அந்தக் கொட்டு சத்தம் வந்ததுலேர்ந்து பாதி வார்த்தை அதுலயே முங்கிப் போகுது. எனக்கும் எழுபத்தாறு ஆகுதில்ல. காது கேக்கலன்னு அவன்கிட்ட சொன்னா, அப்பறம் நான் எதுக்கு இங்க வந்து உக்காரணும்? அதனால... நானா இட்டுக்கட்டிச் சொல்லிட்டிருந்தேன். மழை வரும்னுவேன். அங்க பாலம் கட்டறாங்கன்னுவேன். ஒரு தடவை ஒரு மந்திரியையே ராஜினாமா பண்ண வச்சுட்டேன். அவன் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்குவான். சாகற வரைக்கும் அவனை ஏமாத்திட்டேன்மா."

அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டே தனக்குத் தானே சிரித்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, "ஊசி ஒரு மந்திரியை வீட்டுக்கு அனுப்பிட்டான். இங்க என்னடான்னா அவரு யாரு கல்யாணத்துலயோ மாலை போட்டுக்கிட்டு நிக்கறாரு," என்றார். அவளுக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக்கொள்ளவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியும் மாமா."

"என்னது?"

"நீங்க கதை விடறது. காலைல பேப்பரைப் பாத்து ஒத்துப் பாத்துக்குவாரு. சிரிச்சுக்குவாரு."

வெளியே நாற்காலியின் மேல் நாற்காலியை அடுக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும், 'என்னடா சொல்றாங்க, என்னடா சொல்றாங்க'ன்னு என்னைப் போட்டு நச்சரிச்சான்?"

"ஆமா மாமா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார்.

"அந்தக் கொட்டு சத்தம் போடறது நாந்தான் மாமா. எங்க ஸ்டேஷன்ல அது என் வேலை."

"தெரியுமே. கடைசில பேரெல்லாம் ஓடும்ல. அப்ப என் கையப் புடிச்சு அமுக்குவான். 'இதோ எம்பொண்ணு போறா'ம்பான். ஒரு நாளும் தப்பாது." டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார், அவள் வாங்கிக்கொண்டாள். "நான் கூட சொன்னேன், உம்பொண்ணுகிட்டயே சொல்லேண்டா, குறைச்சிருவான்னு. அவன் கேக்கல. 'அவளுக்கு மேல ஆளு இருப்பான். அப்பன் சொன்னான்னு அவ போய் நின்னா அவளுக்குத்தான் அசிங்கம். பத்துப் பேரு எழுதினா, அவ எடுத்துச் சொல்றதுக்கு ஒரு பிடி கிடைக்கும்'னான். உக்காந்து எழுதினான். எங்கிட்ட படிச்சுக் காட்டி, தெரிஞ்சவங்க நாலு பேரையும் எழுத வச்சான். அது வந்து சேந்துச்சாம்மா?"

அவள் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். அடியில் டீத்தூள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"வந்துச்சு மாமா," என்றாள்.

எட்டாம் நாள் வேலைக்குப் போனாள். நேராக நிகழ்ச்சித் தலைவரின் அறைக்குப் போய் அந்தக் கடிதக் கோப்பைக் கேட்டாள். அவர் துக்கம் விசாரிக்க எழுந்தவர், அப்படியே அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அடியில் இருந்ததை உருவி மேஜைமேல் வைத்தாள்.

"இது எங்கப்பா எழுதினது சார்."

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அன்னைக்கு மீட்டிங்ல நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

"சொல்லல சார். அன்னைக்கு நான் சொன்னது எல்லாமே தப்பு. குறிப்புல எழுதியிருப்பீங்க. அதையும் திருத்தணும்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். மேலிடத்தில் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். இளவட்டங்கள் என்று எதையோ ஆரம்பித்து, பாதியில் விட்டார். "தலைப்புச் செய்திக்கு மட்டும் மியூசிக் இருக்கட்டும். மத்ததுக்கு எடுத்துருங்க. ஒரு வாரம் பாப்போம். ஒரு வாரம்தான் மேடம், அப்பறம் நான் எதுவும் சொல்ல முடியாது."

"சரி சார்."

அன்று மாலை ஏழு மணிக்குத் தலைப்புச் செய்திகள் முடிந்ததும் அவள் தாளத்தின் சத்தத்தை அடிவரை இறக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செய்தி வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து வாசித்தார். பின்னால் நின்ற தயாரிப்பாளர், "என்னமோ வெறிச்சுன்னு இருக்கே," என்றார்.

முதல் செய்தி முடிந்தது. அடுத்ததற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை இழுத்தார். தாளைத் திருப்பினார். இரண்டும் கேட்டன.