தாளில் சுற்றாத ரோல்

பட்டறையில் கொதிகலன் வெடித்ததில் தம்பியின் செவிப்பறைகள் இரண்டும் கிழிந்து மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து அவன் கஞ்சியைத் தாண்டி எதையும் தொடவில்லை.

தையல் வேலை முடிந்து வந்த அக்கா, சிக்கன் துண்டுகளை நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸில் புரட்டிப் பொரித்து, முட்டைக்கோஸோடு ரொட்டியில் சுருட்டினாள். அவன் வேலைக்குப் போன நாட்களின் பழக்கத்தில், சூட்டோடு சூடாக அலுமினியத் தாளிலும் இறுக்கிச் சுற்றிவிட்டாள். பிரித்தபோது ஆவியில் எல்லாம் நமத்திருந்தது.

ஒரு வாய் மென்றவன் தட்டைத் தள்ளினான். "பஞ்சத் திங்கிற மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்க்கா."

"துரைக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றாள். அவனுக்குக் கேட்காது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. வாணலியில் மிஞ்சியிருந்த துண்டொன்றை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

கடித்தவன் அசையாமல் இருந்தான். மறுபடி கடித்தான். மண்டைக்குள் மொறுமொறுவென்று உடைந்தது.

"அக்கா, கேக்குது!"

அடுத்த ரோலைத் தாளில் சுற்றாமலே அவன் கையில் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகக் கடித்தான். அது தீரும்வரை, அவனுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்பதுபோல், அவள் கரண்டியைக்கூட அசைக்கவில்லை.