டப்பா பாட்டு

யூஜின் எங்கே பாடினாலும் ஜோசபின் போய்விடுவாள். பெங்களூரில் லிங்கராஜபுரம் சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, கோலார் தங்கவயலில் மாதா திருவிழா மேடை, ஏதோ ஒரு பள்ளியின் ஆண்டு விழா என்று கிட்டத்தட்ட இருபது வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு வருகிறாள். போய்ப் பேசியதில்லை. கூட்டம் கலைவதற்குள் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். பிளவுஸ் தைக்கும்போது செல்போனில் அவன் பாட்டுதான் ஓடும். மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. விழாத பாதியை வாய் தானாகப் பாடிக்கொள்ளும்.

இந்த முறை மகள் ஆஷா வந்து சொன்னாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள்.

"மம்மி, யூஜின் தனியா பாடறாராம். பேண்டெல்லாம் இல்ல. அவரு, ஒரு கிட்டாரு, அவ்ளோதான். நாப்பது பேருக்குத்தான் எடம். ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்."

"உனக்கு எதுக்குடி? அவரு பாட்டு போரடிக்குதுன்னு சொல்லுவியே."

"உனக்குப் புடிக்குமில்ல. உன் பர்த்டேக்குன்னு வச்சுக்கோ."

நாற்பது பேர் என்றதும் ஜோசபினுக்கு ஓர் ஆசை வந்தது. பெரிய கூட்டத்தில் கேட்க முடியாததை அங்கே வாய்விட்டுக் கேட்கலாம். அவன் மேடையில் பாடி ரொம்ப வருடமாகிவிட்ட ஒரு பாட்டு. எங்கும் பதிவாகாத பாட்டு. அதில் அவள் பேர் இருந்தது.

ஆஷா வயிற்றில் இருந்த சமயம் அது. ஜோசபின் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். நிரந்தரம் செய்யச் சொல்லிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் சைரன் அடித்தது. தீ விபத்து ஒத்திகை, எல்லோரும் வெளியே போய் நில்லுங்கள் என்றார்கள். போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். ஒத்திகை முடிந்ததும் மற்றவர்களையெல்லாம் உள்ளே விட்டு, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் வெளியே நிறுத்திக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். பை, செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாம் உள்ளே கிடந்தன. மத்தியானம் பசி எடுத்தபோதுதான் நடந்தது என்ன என்று பலருக்கும் உறைத்தது.

கேட்டுக்கு எதிரிலேயே இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தார்கள். விவேக் நகரிலிருந்து அப்போதுதான் மீசை முளைத்த ஒரு பையன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூட வேலை பார்த்த மெர்சியின் தெருப் பையன். அவன்தான் யூஜின். ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து, "உங்க டப்பாவுல என்னக்கா இருந்துச்சு?" என்று கேட்டான். சாயங்காலம் அதையே பாட்டாகப் பாடினான்.

கேட்டத் தொறங்க சார், கொஞ்சம் கேட்டத் தொறங்க
என் சோத்து டப்பா உள்ள இருக்கு, கேட்டத் தொறங்க
மெர்சி டப்பாவுல நேத்து வச்ச மீன் கொழம்பு
ஜோசபின் டப்பாவுல மோரு ஊத்தின சோறு
கேத்தரின் டப்பாவுல ரெண்டு முட்ட
ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அவ சினேகிதிக்கு

அந்தச் சினேகிதி ஜோசபின்தான். மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து கேத்தரின் அவளுக்கும் சேர்த்து ஒரு முட்டை அவித்துக் கொண்டுவந்து, உரித்து, கையில் வைத்துத் தின்னச் சொல்வாள். அந்த வரி வந்ததும் எல்லாப் பெண்களும் திரும்பி ஜோசபினைப் பார்த்துச் சிரித்தார்கள். வேலை போன பெண்கள் அப்படிச் சிரித்ததைக் கேட் காவலாளிகள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆஷா பிறந்தாள். ஜோசபின் தையல் மிஷின் வாங்கினாள். சமையலறையில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே ஆஷாவுக்குச் சோறு ஊட்டினாள். ஆஷா அதை டப்பா பாட்டு என்பாள். அம்மா விளையாட்டாகக் கட்டிய பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஜோசபினும் திருத்தவில்லை. கேத்தரின் கொரோனாவில் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் புதைக்கக் கொண்டுபோனார்கள். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

இந்திராநகரில் ஒரு காபிக் கடையின் மாடியில் நிகழ்ச்சி. மைக் இல்லை. தரையில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆஷா வயசு, மீதிப் பேர் அவளைவிடக் கொஞ்சம் பெரியவர்கள். பலருக்குத் தமிழ் தெரியாது என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. ஜோசபினால் கால் மடக்க முடியவில்லை. கடைக்காரப் பெண் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து சுவரோரம் போட்டாள்.

யூஜின் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தான். தாடியில் நரை விழுந்திருந்தது. முதல் பாட்டைத் தொடங்கினான். கேட் நாட்களுக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவனை அவள் கேட்டதே இல்லை. கம்பியில் விரல் நகரும் சத்தம், அடுத்த வரிக்கு முன் அவன் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. ஆஷா அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அந்த ஒரு மணி நேரம் ஜோசபினுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு பாட்டு முடிந்ததும் அவன் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டான். "இப்ப நீங்க சொல்லுங்க. எது பாடட்டும்?"

இரண்டு மூன்று பேர் பாட்டுப் பேர் சொன்னார்கள். ஜோசபின் எழுந்து நின்றாள். குரல் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"கேட்டத் தொறங்க சார்."

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். விளக்கு அவன் முகத்துக்கு நேராக இருந்தது. "அய்யோ, அந்தப் பாட்டெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களா" என்று சிரித்தான். பிறகு எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில் பேசினான். இந்த மெட்டு ரொம்பப் பழசு என்றும், தான் நேசித்த ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்ட இரவில், படிக்கட்டில் உட்கார்ந்து போட்டது என்றும், இப்போதுதான் அதற்குச் சரியான வார்த்தைகள் கிடைத்தன என்றும் சொன்னான். இதுவரை எங்கும் பாடியதில்லை, முதல் முதலாக உங்களுக்குத்தான் என்றான். கைதட்டினார்கள்.

கதவைத் திறந்துவிடு, கண்ணே கதவைத் திறந்துவிடு
என் நெஞ்சு உள்ளே இருக்கு, கதவைத் திறந்துவிடு

ஆஷா சட்டென்று நிமிர்ந்தாள். "மம்மி, நம்ம டப்பா பாட்டு" என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

ஜோசபின் தலையாட்டினாள். மெர்சியின் வரி வரவேண்டிய இடத்தில் மழை வந்தது. அவள் வரி வரவேண்டிய இடத்தில் நிலா வந்தது. அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். அதையாவது விட்டுவைத்திருப்பான் என்று ஏனோ நம்பினாள்.

உன் கண்ணுக்குள்ளே ரெண்டு கனா
ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு

கடைசியில் எல்லோரையும் கூடப் பாடச் சொன்னான். தமிழ் தெரியாதவர்களும் 'கதவைத் திறந்துவிடு' என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஷாவும் பாடினாள். அவளுக்கு நல்ல குரல். அறை முழுக்கப் பாட, ஜோசபின் மட்டும் ஸ்டூலில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்து யூஜின் ஓர் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆஷா பாத்ரூம் போயிருந்தாள். வழக்கம்போல் போய்விடலாம் என்றுதான் ஜோசபின் படிக்கட்டு வரை வந்தாள். பிறகு திரும்பி அவனிடம் போனாள்.

"யூஜின், என்னத் தெரியுதா?"

"லிங்கராஜபுரம் ஹால்ல பாத்திருக்கேனோ?"

"பொம்மசந்திரா. கேட்டு."

அவன் டீயைக் கீழே வைத்தான். "ஜோசபின் அக்கா." அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்கதான் கேட்டீங்களா அத? லைட்டு கண்ணுல அடிச்சுது, முகம் தெரியலக்கா."

"வார்த்தையெல்லாம் மாத்திட்ட."

"ஆமாக்கா. மெட்டு நல்ல மெட்டு. அத வீணாக்க மனசு வரல. ஒரு படத்துக்குக்கூட கேட்டிருக்காங்க."

"இத்தன நாளும் வீணாவா கெடந்துச்சு?"

அவன் அவள் கைகளை விட்டான். "அத இனிமே பாட முடியாதுக்கா. ஒரு காலேஜ்ல பாடினேன். மீன் கொழம்பு, முட்டைன்னதும் காமெடி பாட்டுன்னு சிரிக்கிறாங்க. அப்புறம், உங்கள்லயே ஒருத்தவங்க அந்தப் பாட்டு வேணாம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"விடுங்கக்கா. அது இப்ப எதுக்கு."

சமாளிக்கிறான் என்று ஜோசபின் நினைத்தாள். "ஒரு பொண்ணு கதவ சாத்திக்கினாள்னு சொன்னியே. அது யாரு?"

"அது சும்மாக்கா. பாடறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லணுமில்ல."

"கேத்தரின் செத்துட்டா. உனக்குத் தெரியுமோ தெரியாதோ."

"அடடா" என்றான். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னான். பிறகு நெற்றியைத் தேய்த்தபடி கேட்டான். "எந்தக் கேத்தரின் அக்கா? பச்ச ஸ்வெட்டர் போட்டுக்கினு முன்னாடி உக்காந்திருப்பாங்களே, அவங்களா?"

"அது வேற ஒருத்தி."

அந்த நேரம் ஒரு பெண் வந்து யூஜினோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். பக்கத்தில் நின்ற ஜோசபினிடமே போனை நீட்டி, "ஆன்ட்டி, ஒன் போட்டோ ப்ளீஸ்" என்றாள். ஜோசபின் வாங்கினாள். இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். முதல் படத்தில் அவன் கண் மூடியிருந்தது. இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டோவில் ஆஷா பேசிக்கொண்டே வந்தாள். "அது அவரு பாட்டுன்னு நீ சொல்லவேயில்ல மம்மி. நீயே கட்டினதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஜோசபின் சொன்னாள். சைரன், கேட், டப்பா, முட்டை எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொன்னாள். ஆஷா பேச்சை நிறுத்திக் கேட்டாள்.

"அந்த முட்ட எனக்கா?"

"உனக்குத்தான்."

ஆட்டோ மேம்பாலம் ஏறி இறங்கியது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆனா மம்மி, இப்பப் பாடினதும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஜோசபின். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மோசமாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள்.

அந்த வாரம் முழுக்க மிஷின் மட்டும் ஓடியது. போனில் பாட்டு வைக்கவில்லை.

வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனாள். வாராவாரம் அவளுக்கு மெர்சி பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருப்பாள். பூசை தொடங்க நேரமிருந்தது. ஜோசபின் குனிந்து, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். மெர்சி கொதித்துப் போவாள் என்று எதிர்பார்த்தாள். கேட்டில் உட்கார்ந்த நாட்களில் சத்தமாகக் கோஷம் போட்டவள் அவள்தான்.

மெர்சி ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவன் மேல கோவப்படாத ஜோசி. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"போன வருஷம் இங்கதான் வாசல்ல பாத்தான். அந்தப் பாட்ட ரெக்கார்ட் பண்ணப் போறேன், பேரெல்லாம் அப்படியே வரும்னு சந்தோஷமா சொன்னான். எனக்குப் பகீர்னுச்சு. எம் பையன் ஷெர்வினுக்கு இப்பத்தான் பொம்மசந்திராவுல சூப்பர்வைசர் வேல கெடச்சிருக்கு. அங்க இருக்கற ஆபீசர்ங்க ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. கேட்டுல உக்காந்தவ மகன்னு தெரிஞ்சா வச்சிருப்பாங்களா? கையெடுத்துக் கும்பிட்டேன், வேணாம்பா, எடுத்துடுன்னு."

"உன் பேர மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கலாமே."

"அப்படித்தான் சொன்னேன். ஒண்ண எடுத்தா பாட்டு நிக்காதுன்னான். அப்ப எல்லாத்தையும் எடுத்துடுன்னேன்."

"கேத்தரினையுமா?"

மெர்சி பீடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "கேத்தரின்தான் செத்துட்டாளே ஜோசி. அவளுக்கு இனிமே என்ன?"

மணி அடித்தது. சாமியார் வெளியே வர, எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜோசபின் வேறு எங்காவது போய் நிற்கலாம் என்று திரும்பிப் பார்த்தாள். பெஞ்சுகள் நிறைந்து, வாசல் வரை ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. முட்டி போடும் நேரம் வந்தபோது மெர்சி தன் சேலையை ஒதுக்கி இடம் விட்டாள். ஜோசபின் அங்கேயே முட்டி போட்டாள்.