அழைப்பிதழின் பின்பக்கம்

கலவானையிலிருந்து முத்துவீரன் சித்தப்பா வந்து சேர்ந்தபோது, விஜயகலா தம்பியின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா சரிகைக்கரை வேட்டி கட்டியிருந்தார். நெற்றியில் சந்தனம். கையில் பூப்போட்ட தாள் சுற்றிய பெரிய பெட்டி. உள்ளே பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. தோட்டத்து லயக் குடியிருப்பு வாசலில் கட்டியிருந்த வெள்ளைக் கொடிகளையும் உள்ளே தெரிந்த சவப்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னா மகளே இது? கல்யாண ஊடுன்னுல்ல வந்தேன்?"

கிழவருக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"நேத்துப் பொழுது சாய பஸ்காரன் கையில திணிச்சிட்டு, சிங்களத்துல 'ஹெட்ட, ஹெட்ட', நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நாளைக்கே கல்யாணமான்னு மொத பஸ்சுலயே ஏறி வாறேன். நாப்பத்தொரு வயசுலயாவது பயலுக்குப் புத்தி வந்துச்சேன்னு..."

வழவழப்பான மஞ்சள் அட்டை. மேலே குத்துவிளக்குப் படம். காலஞ்சென்ற கருப்பையா மூக்காயி தம்பதிகளின் புதல்வன் சுதாகரனுக்கும், அமிர்தநாதன் மரியாயி தம்பதிகளின் புதல்வி ஏஞ்சலினுக்கும் நடைபெறும் திருமணத்துக்கு உற்றார் உறவினர் அனைவரையும் அழைத்திருந்தது. நாளுக்கும் மாதத்துக்கும் வெறும் புள்ளிகள். வருஷம் மட்டும் '199' என்று அச்சாகி, கடைசி எண்ணுக்கு இடம் விட்டிருந்தது. இது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு.

அட்டையைத் திருப்பினாள். சித்தப்பாவால் வாசிக்க முடியாத, அவள் புருஷன் யோகராஜின் சாய்ந்த சிங்கள எழுத்து. சுதாகரன் இறந்துவிட்டான், நாளை மூன்று மணிக்கு அடக்கம்.

விஜயகலா புருஷனைக் குசினி அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இத எங்கயிருந்து எடுத்தீங்க?"

"மச்சான் பொட்டியிலதான். கட்டுக்கட்டா இருந்திச்சி. அவசரத்துக்குத் தாள் தேடுனேன், கெடைக்கல. வெளக்குப் படம் இருக்கவும் பழைய கோயில் நோட்டீஸ்னு நெனச்சேன்." யோகராஜ் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எத்தன அனுப்புனீங்க?"

"பன்னெண்டு. ஜெறோம்கிட்டதான் குடுத்தேன். அவரு மத்த பஸ்காரங்ககிட்டப் பிரிச்சிக் குடுத்தாரு."

தெஹியோவிட்ட பஸ்சின் கண்டக்டர் ஜெறோம், ஏஞ்சலினின் தம்பி. அவனுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும்.

ஏஞ்சலின் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். கல்யாணம் ஆகவில்லை. சுதாகரன் அவளோடு பேசி யாரும் பார்த்ததில்லை. அவன் யாரோடும்தான் பேசியதில்லை. இரவெல்லாம் ரப்பர் சீட் காயும் புகைக்கூடத்தில் நெருப்புக்குக் காவல். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். விறகு அட்டியில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, தொங்கும் சீட்டுகளையே பார்த்தபடி மணிக்கணக்காக இருப்பான். நேற்று விடியக்காலை அப்படியேதான் செத்துப்போயிருந்தான். வேலைக்கு வந்தவர்கள் வழக்கம்போல ஏதோ யோசனையில் இருக்கிறான் என்று இரண்டு மணி நேரம் அவனைச் சுற்றியே நடந்திருக்கிறார்கள். ஒருவன் தேநீர்கூடக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

லயத்தில் அவன் காம்பராவுக்கும் அக்காவின் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பேசுவது விஜயகலாவுக்குக் கேட்கும். "டீ ஊத்தவா?" என்பான். கொஞ்சம் இடைவெளி. பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு. குடிக்காதவன் இப்படிப் பேசுகிறானே என்று அவள் பயந்து கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். ஒருமுறை ஒரு வாரம் முழுக்கச் சத்தமே இல்லை. "என்னமோ சண்ட போல," என்று யோகராஜ் சிரித்தான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பதினொரு மணிக்கு ஜெறோம் வந்தான். கையில் அந்த அட்டை; யாரோ இன்றைக்குத்தான் அதன் முன்பக்கத்தைக் காட்டியிருக்க வேண்டும். இழவு வீடு என்று சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தான். குரலை அடக்கத்தான் முடியவில்லை.

"யோகராஜண்ணே, இது என்னா வேல? எங்கக்கா பேர அச்சடிக்க யாரு ஒங்களுக்கு அனுமதி குடுத்தா? நான் என் கையாலயே பன்னெண்டு பஸ்சுக்குக் குடுத்து அனுப்பியிருக்கேன்! இரத்தினபுரி வரைக்கும் போயிருச்சி!"

"தம்பி, சத்தியமா எனக்குத் தெரியாது..."

"செத்தவன எந்திரிச்சி வந்து பதில் சொல்லச் சொல்லுங்க!"

ஒப்பாரி நின்றது. ஆண்கள் இருவர் எழுந்தார்கள். சித்தப்பா பரிசுப் பெட்டியை மடியில் வைத்தபடியே, "ஐயா, பொணம் கெடக்கு, ஐயா," என்று கெஞ்சினார்.

"ஜெறோம்." வாசலில் ஏஞ்சலின் நின்றாள். வெள்ளைச் சேலை. பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும். தோளில் ஏதோ குழந்தை கக்கிய பால் இன்னும் காயவில்லை. "அதக் குடு."

"நீ போக்கா. நான் பேசிக்கிறேன்."

"குடுன்னு சொன்னேன்."

அவள் அட்டையை வாங்கி நின்றபடியே வாசித்தாள். பரீட்சைத் தாளை வாசிப்பதுபோல் மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல். விஜயகலா பாயில் இருந்தபடியே கைகளைக் கூப்பினாள்.

"ஏஞ்சலின், எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. மிச்சத்த எல்லாம் எரிச்சிடுறேன். ஒன் பேரு வெளிய வராம நான் பாத்துக்கிறேன்."

ஏஞ்சலின் கண் இன்னும் அட்டையில்தான் இருந்தது. "எங்கப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடல," என்றாள். "அப்பா தவறுனது தொண்ணூத்தாறுல. அதுக்கும் முந்தியே இத அச்சடிச்சிருக்காரு."

அட்டையை விட்டுக் கண்ணெடுத்து விஜயகலாவைப் பார்த்தாள்.

"காலையில வந்து காம்பரா தொறந்தா, பொளந்த வெறகு அடுக்கியிருக்கும். நல்லாக் காஞ்ச ரப்பர் வெறகு. புள்ளைகளுக்குப் பால் காச்சணும்ல? தோட்டத்துல குடுக்குறாங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நேத்து வெறகு இல்ல. கணக்கப்பிள்ளையப் போயி ஏசினேன். நாங்க எப்படா ஒனக்கு வெறகு குடுத்தோம்னு அவரு கேட்டாரு, அக்கா."

ஜெறோம் வாசலுக்கு வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஏஞ்சலின் அட்டையை மடிக்காமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். சவப்பெட்டிக்கு அருகே வந்து சுதாகரனின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறாளோ என்னவோ. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் பெண்களோடு பாயில், விஜயகலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. விஜயகலா அவள் கையைப் பிடித்தபோது, விலக்கவும் இல்லை.

சவப்பெட்டியோடு பாடை புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. தப்புச் சத்தம் முன்னால் போக, ஆண்கள் தோள் மாற்றித் தூக்கினார்கள். லயத்து முனையில், ரோடு ரப்பர் மலைக்குள் திரும்பும் இடத்தில், பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அதற்குமேல் போவதில்லை. விஜயகலாவும் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

ஏஞ்சலின் நிற்கவில்லை.

"வேதக்கோயில் ஆளுங்க குழி வரைக்கும் போவாங்கதானே," என்று பின்னால் ஒரு கிழவி மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா," என்று ஜெறோம் ஒரு தடவை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. அவன் தன் குடையை விரித்துக்கொண்டு நாலு எட்டுப் பின்னால் நடந்தான். ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போன ஆண்கள் ஒவ்வொருவராகப் புல்லுக்குள் இறங்கி அவளுக்கு வழி விட்டார்கள். சித்தப்பாவும் சரிகை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவள் பாடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தாள்.

ஏற்றத்தில் ஓர் இடத்தில் அவள் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து, இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினாள்.