இரண்டு குடிகாரர்கள் குறைகிறார்கள்

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரும்பாடு. அது கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அவளைவிட அதிகமாகக் கவலைப்பட்டது தம்பிதான். அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டு, விடுதியின் இரண்டாவது மாடியில் இருந்தான். உருவத்தைப் பார்த்துவிட்டு நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் சுண்டெலி.

அக்கா அங்கே மாணவர் ஆலோசகர். பையன்களின் குடியைக் குறைக்க வேண்டும், அதுதான் உத்தியோகம். முன்னால் இருந்தவர் கெட்டுப்போன ஈரல் படமாகச் சுவரெல்லாம் ஒட்டிவைத்தார். பையன்கள் ஈரலுக்கு மீசை வரைந்ததுதான் மிச்சம். அக்கா வேறு வழி பிடித்தாள். பெயர் எழுதாத தாளைக் கொடுத்து, ‘நீ குடிப்பாயா? மற்றவர்கள் குடிக்கிறார்களா?’ என்று எல்லோரையும் கேட்டாள். பார்த்தால், பத்தில் எட்டுப் பேர் தொடுவதே இல்லை! ஆனால் ஒவ்வொருத்தனும், ‘என்னைத் தவிர ஊரே குடிக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருக்கிறான். கூட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் குடிக்கிறவனும் குறைத்துக்கொள்வான் என்பது அக்காவின் நம்பிக்கை. ‘நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் குடிப்பதில்லை’ என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டாள்.

கல்லூரி முதல்வரோ கண்ணால் காணாததைக் கடவுளே வந்து சொன்னாலும் நம்பாத மனிதர்.

“இரண்டாவது மாடியில பத்துப் பசங்கதானே இருக்காங்க? சாயங்காலம் நானே வந்து கேக்கறேன். எட்டுன்னா எட்டு இருக்கணும். ஏழுன்னா போஸ்டர் பொய். பத்தும் குடிக்கலைன்னு சொன்னா நீ சொல்லிக்கொடுத்துட்டேன்னு அர்த்தம். ரெண்டுல எதுவானாலும் வேற வேலை தேடிக்கோம்மா.”

“சார், அது மொத்தக் கல்லூரிக்குமான கணக்கு. பத்துப் பேரைப் பிடிச்சு நிறுத்தினா...”

“சாயங்காலம் பாக்கலாம்.”

அக்காவின் அறை வாசலில் நின்று இதையெல்லாம் ஒட்டுக்கேட்ட சுண்டெலி, நாலு கால் பாய்ச்சலில் மாடி ஏறினான். ஒன்பது பேரையும் தன் அறைக்குள் அடைத்துக் கதவைச் சாத்தினான்.

“டேய், சத்தியமாச் சொல்லுங்க. யார் யார் குடிப்பீங்க?”

எல்லோரும் பீப்பாயைப் பார்த்தார்கள். அவனுக்கு அந்தப் பெயரே குடியால் வந்தது. விருந்தென்றால் அவன் குரல்தான் பெரிசு, அவன் கோப்பைதான் உசரம். பீப்பாய் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“அது ஆப்பிள் ஜூஸ்டா.”

“என்னது! ரெண்டு வருஷமாவா?”

“நீங்கள்லாம் குடிக்கிறீங்களேன்னு...”

“நான் எங்கடா குடிச்சேன்? என்னுது பால் இல்லாத டீ!” என்றான் ஒருத்தன். “நான் ஜன்னல் வழியா ஊத்திடுவேன்,” என்றான் இன்னொருத்தன். “அடப்பாவி, ஜன்னலுக்குக் கீழே என் சைக்கிள்டா!” என்று ஒருத்தன் சட்டையைப் பிடிக்கப் போனான். கடைசியில் கணக்குப் பார்த்தால், பத்துக்குப் பத்தும் பச்சைத் தண்ணி ஆசாமிகள்.

சுண்டெலி தலையில் கைவைத்துக்கொண்டான். “போச்சு. ரெண்டு குடிகாரன் குறையுதேடா! எங்க அக்கா வேலை போச்சு!”

அத்தனை நாளும் குடிக்காமலே குடித்ததாகப் பீற்றிக்கொண்ட பயல்கள், முதல்வர் முன்னால் ஒரு நிமிஷம் குடிகாரனாக நிற்க வேண்டும் என்றதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். சீட்டுப் போட்டார்கள். பீப்பாய்க்கு விழுந்தது. இன்னொன்று, விதி யாரை விட்டது, சுண்டெலிக்கே விழுந்தது.

வாசனையாவது வேண்டுமே என்று ஒரு பாட்டில் பியர் வாங்கிவந்தார்கள். மூடியைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. கரண்டியால் நெம்பினார்கள், கதவிடுக்கில் வைத்து அழுத்தினார்கள். திறந்துகொண்ட வேகத்தில் பாதி நுரை கூரைக்குப் போயிற்று. மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடலாம் என்றுதான் சுண்டெலி நினைத்தான். மோந்து பார்த்ததுமே குமட்டியது.

“குடிக்கவெல்லாம் வேணாம் மச்சான். சென்ட் மாதிரி பூசிக்கலாம்,” என்றான் பீப்பாய். கழுத்திலும் அக்குளிலும் தாராளமாகப் பூசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் முதல்வர் வந்தார், பின்னால் அக்கா. எட்டுப் பேரும் வரிசையாகக் குடிப்பதில்லை என்றார்கள். பீப்பாய், “நான் குடிப்பேன் சார்,” என்றான். கடைசியில் சுண்டெலி.

“நானும் குடிப்பேன் சார்.”

“டேய்!” என்றாள் அக்கா.

முதல்வர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். இந்த நோஞ்சானைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

“எவ்வளவு குடிப்பே?”

“ஒரு... ஒரு வாளி சார்.”

“வாளியா! சரி, பியர் எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்?”

“தேன் மாதிரி இனிக்கும் சார்.”

“மடையா!” முதல்வருக்கு வந்ததே கோபம். “பியர் எங்கேயாவது இனிக்குமாடா? சுள்ளுன்னு கசக்கும். நல்லா ஜில்லுன்னு இருந்தாத்தான் அந்தக் கசப்பே ஒரு சுகம். அதுவும் மூணாவது பாட்டில் போகும்போது...”

வாய் அப்படியே நின்றுவிட்டது. பத்துப் பையன்களும் அவரையே பார்த்தார்கள்.

பீப்பாய், சுண்டெலி இருவர் கழுத்திலும் பியர் வழிவதைப் பார்த்துக் குட்டைப் புரிந்துகொண்ட அக்கா மெதுவாகச் சொன்னாள்: “சார், ஒருத்தர் கிடைச்சாச்சு. இன்னும் ஒருத்தர்தான் குறையுது.”

முதல்வர் இருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். “போஸ்டர் இருக்கட்டும். உன் வேலையும் இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினவர், பாதியில் நின்று மேலே பார்த்தார். “ஆனா ஒண்ணும்மா. வாத்தியார்மார்கிட்ட மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுவெக்காதே.”

அவர் தலை மறைந்ததும் சுண்டெலி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “அக்கா, வேலை தப்பிச்சுது பாத்தியா!”

“வேலை தப்பிச்சுது,” என்ற அக்கா, நாற்றம் தாங்காமல் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையால் செருப்பைக் கழற்றினாள். “நீ எப்படித் தப்பிக்கிறேன்னு நானும் பாக்கறேன்.”