மாப்பிள்ளை காட்டிய சிங்கம்

சவப்பெட்டியின் கடைசித் திருகாணி வரவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் முழங்காலால் பலகையை அழுத்திக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் திருகினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக அன்னூர் வந்து சேரக் குமாரசாமிக்கு ஆறு நாள் ஆகியிருந்தது. கணவரின் முகத்தைப் பார்க்கச் சாமியாத்தாள் சுவரோரம் காத்திருந்தாள். பக்கத்தில் மகள் லோகப்பிரியா.

வாசல் பந்தலில் லோகப்பிரியாவின் கணவன் சபரீஷ் பேசுவது உள்ளே கேட்டது.

“நைட் சஃபாரிங்க. திறந்த ஜீப்பு. இருபதடி தூரத்துல சிங்கம், எருமையைக் கிழிச்சுத் தின்னுட்டிருக்குது. மாமா அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தாருங்க. ஒரு வார்த்தை பேசலீங்க. தூங்கறாப்புல போயிட்டாரு.”

“மாப்பிள்ளை கூட்டிட்டுப் போவாட்டி, தோட்டங்காட்டுல கெடந்த மனுசனுக்கு இந்தக் கொடுப்பினை ஏதுங்க?” என்றார் ஒரு பெரியவர்.

லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லையாம்! பேசினார். ஜீப்பின் பின்சீட்டில் அப்பாவுக்கும் சபரீஷுக்கும் நடுவில் அவள் இருந்தாள். “கண்ணு, நெஞ்சு அடைக்குது. வண்டியைத் திருப்பச் சொல்றியா?” என்று கேட்டார். முன்னால் சபரீஷின் மோட்டார் பம்ப் கம்பெனிக்கு வேண்டிய டீலர்கள் நாலு பேர். அந்த டூரே அவர்களைக் குளிர்விக்கத்தான். கடைசி நேரத்தில் ஒரு டீலர் வராமல் போக, அந்த இடத்துக்கு மாமனாரைச் சேர்த்துக்கொண்டான்.

அவள் கணவன் காதில் சொன்னாள். அவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த செல்போனை இறக்காமலே, “பத்து நிமிஷம் மாமா. இப்பத்தான் சிங்கம் மாட்டியிருக்குது. கேஸ் டிரபிளாத்தான் இருக்கும்,” என்றான்.

“பரவால்லீங்க மாப்பிள்ளை. நீங்க பாருங்க,” என்றார் குமாரசாமி.

பெண்ணைக் கொடுத்த பன்னிரண்டு வருஷமும் அவர் அப்படித்தான். மாப்பிள்ளை சாப்பிடாமல் கை நனைக்கமாட்டார். சாகும்போதும் மாப்பிள்ளையின் சௌகரியத்தைத்தான் பார்த்தார். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. கைடின் விளக்கு சிங்கத்தின் மேலேயே இருந்தது. அப்பாவின் முகம் இருட்டில் இருந்தது. அவளாவது கத்தியிருக்கலாம். யாரும் பேசக்கூடாது என்று கைடு சொல்லியிருந்தான். டீலர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவளும்தான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள். இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மூடி திறந்தது. மருந்து வாடை வந்தது. சாமியாத்தாள் அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“கண்ணு, நெசமாலுமே ஒண்ணுஞ் சொல்லலையா? தலைவலின்னாக்கூட எங்கிட்டப் பத்துத் தடவ சொல்ற மனுசனாச்சே.”

என்ன பொய் சொல்வது என்று லோகப்பிரியா கொச்சியிலேயே முடிவு செய்திருந்தாள். அது வாயில் வரவில்லை.

“சொன்னாருங்கம்மா. நெஞ்சு அடைக்குது, திருப்பச் சொல்லுன்னாரு. இவருதான் பத்து நிமிஷம்னாரு. நானும் சும்மா இருந்துபோட்டனுங்க.”

சாமியாத்தாளின் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது. வளையல் அழுந்தி வலித்தது. அம்மா தன்னைத் திட்டட்டும், வாசலுக்குப் போய் சபரீஷின் சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்கட்டும் என்று லோகப்பிரியா காத்திருந்தாள்.

“இதை வேற யாருகிட்டயும் சொல்லிப்போடாத,” என்றாள் சாமியாத்தாள் மெதுவாக. “நாளைக்கு நீ அந்த ஊட்டுலதான் இருக்கோணும்.”

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க அன்புக்கரசி, மாப்பிள்ளை காத்தாலயிருந்து பட்டினியா நிக்கறாரு. உங்கூட்டுல இருந்து ஒரு காபி கொண்டாந்து குடுங்க.”

காபி வந்தது. சபரீஷ் டம்ளரை வாங்கி, மேலே படிந்திருந்த ஆடையை விரலால் எடுத்து உதறிவிட்டுக் குடித்தான்.