மாடு தின்ற பார்த்தீனியம்

ஜூஜுவாடியில் கௌஸ் மொய்தீன் டீக்கடைக்கு எட்டு வருஷமாகப் பால் ஊற்றுகிறவள் மாதம்மாள். இருப்பது ஒரே மாடு. அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு வாடிக்கை கிடையாது.

மாடு மேய்ந்த புல்வெளியை இந்த வருஷம் ஒரு கம்பெனி காம்பவுண்டு போட்டு வளைத்துவிட்டது. வெளியே மிஞ்சிய துண்டு நிலம் முழுக்கப் பார்த்தீனியம். ஒரு மழை போதும், இடுப்புயரம் நின்று வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிடும், யாரோ ஆசையாய் வளர்த்த தோட்டம் மாதிரி. நாசமாய்ப் போகிற செடி, தின்றால் பாலே கசந்துவிடும்! சாதாரணமாக மாடு அதன் பக்கம் மூக்கைக்கூட நீட்டாது. பசி வந்தால் அது மட்டும் என்ன செய்யும்? தின்றது. மாதம்மாளும் பார்த்தாள். பார்க்காத மாதிரி பாலைக் கறந்தாள்.

மூன்றாம் நாள் காலை கௌஸ் மொய்தீன் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, பாலு கசக்குதே?"

"என்னா பாய் இப்படிச் சொல்றீங்க? பால் சொசைட்டி மிஷின்ல வெச்சுப் பாருங்க, ஃபேட்டு எவ்ளோ காட்டுதுன்னு!"

"மிஷினு டீ குடிக்காதுங்களேக்கா."

ஒரு டீ போட்டு அவளிடமே நீட்டினார். வேப்பிலையை அரைத்து விழுங்கின மாதிரி இருந்தது. மாதம்மாள் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "நல்லாத்தான இருக்குது," என்றாள். இருக்கிற ஒரு வாடிக்கையும் போய்விடுமே என்கிற பயம்.

அதற்குள் நைட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை ணங்கென்று வைத்தான். "என்னா பாய், டீயா கஷாயமா?"

கௌஸ் மொய்தீன் மாதம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. "புது டீத்தூளுப்பா. ஏமாந்துட்டேன், மாத்திடறேன்."

"தூளு பாத்து வாங்கத் தெரியாதா? இத்தன வருஷம் கடை வெச்சு என்னா பிரயோஜனம்?" ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மனுஷன் சிரித்துக்கொண்டே நின்றார். அவர் திட்டியிருந்தால் மாதம்மாள் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசியிருப்பாள். இதற்கு என்ன பேசுவது?

"தூளு இல்லப்பா," என்றாள் உரக்க. "என் பாலுதான். மாடு பார்த்தீனியம் தின்னுது. மூணு நாளா எனக்குத் தெரியும்."

அவள் கேனைத் தூக்கி மிச்சப் பாலைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஏன்க்கா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேனே," என்றார் அவர்.

"நாளையிலேருந்து பாக்கெட் பாலு வாங்கிக்குங்க பாய்," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.